குரோஷே ஊசியில் பிறக்கும் வேற்றுகிரகவாசி

ஏலியன் பொம்மை என்பது ஒரே ஒரு கொக்கி ஊசியாலும் உல்லன் நூலாலும் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்துச் செய்யும் சிறு உருவம். பெரிய தலை, ஒடுங்கிய கழுத்து, சின்ன உடல், மெலிந்த கைகால்கள், தலைமேல் இரண்டு கொம்புகள்: அதன் உறுப்புகள் இவ்வளவுதான். இங்கே விவரிக்கப்படும் பொம்மை ஏறத்தாழ அரைச் சாண் உயரம் வரும், உள்ளங்கையில் உட்காரும். இவ்வகைப் பின்னல் பொம்மைகள் அமிகுருமி என்ற ஜப்பானியப் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகின்றன. ஜப்பானில் வளர்ந்த இந்தக் கைவேலை 2000-க்குப் பிறகு இணையம் வழியாக மற்ற நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டிலும் வீட்டில் இருந்தபடியே இவற்றைப் பின்னி விற்கும் பெண்கள் இன்று பலர்.

கற்றுக்கொள்ள வருபவருக்கு முதல் பொம்மையாக யானையையோ நாயையோ கொடுப்பதைவிட ஏலியனைக் கொடுப்பது நல்லது. யானை யானையைப் போல் இல்லையென்றால் பார்ப்பவர் அப்போதே சொல்லிவிடுவார். பின்னியவரின் ஊக்கம் அங்கேயே வடிந்துவிடும். ஏலியனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலம் கிடையாது. காது எங்கே, தும்பிக்கை எவ்வளவு நீளம் என்ற கவலை இல்லாததால் கவனம் முழுவதும் எண்ணிக்கையில் நிற்கும். இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அச்சும் இல்லை, வெட்டிய துணியும் இல்லை; ஒரு சுற்றில் எத்தனை கண்ணி என்பது ஒன்றே உருவத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணப் பழகிய கைக்குப் பிறகு எந்த உருவமும் வசப்படும்.

உருவம் வந்த வழி

பெரிய தலையும் சாய்ந்த கருங்கண்களும் கொண்ட ஏலியன் முகம் அமெரிக்காவில் உருவானது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த பெட்டி, பார்னி ஹில் தம்பதி, 1961-இல் ஓர் இரவுப் பயணத்தில் வேற்றுகிரகவாசிகள் தங்களைப் பிடித்துச் சென்றதாகக் கூறினார்கள். அந்தக் கதை பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பரவியபோது இந்த உருவமும் உடன் பரவியது. 1977-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'குளோஸ் என்கவுன்டர்ஸ்' திரைப்படமும், 1987-இல் விட்லி ஸ்ட்ரீபரின் 'கம்யூனியன்' நூலின் அட்டைப்படமும் அதை நிலைநிறுத்தின. 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி' படத்தின் மூன்று கண் கொண்ட பச்சை உருவங்கள் ஏலியனைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக்கின. தமிழ்க் குழந்தைகளுக்கு 2024 பொங்கலுக்கு வெளியான 'அயலான்' படத்தில் வரும் டாட்டூ என்ற ஏலியன் இன்னும் நெருக்கம்.

அச்சமூட்ட வந்த உருவம் கைக்குள் வந்ததும் கொஞ்சத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ், பெரியவர்களின் பரிவைத் தூண்டும் குழந்தைமுகக் கூறுகளை 1943-இல் வகுத்துக் காட்டினார். உடலோடு ஒப்பிடப் பெரிய தலை, உயர்ந்து புடைத்த நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், குட்டையான கைகால்கள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஏலியனின் தலையும் நெற்றியும் கண்ணும் இந்த அளவுகளிலேயே அமைந்திருக்கின்றன. எனவே தலையைப் பெரிதாக வைப்பதும் கண்ணைத் தாழ்த்தி வைப்பதும் பின்னுபவரின் விருப்பத்துக்கு விட்ட அலங்காரங்கள் அல்ல. பொம்மையின் முகக்களை முழுவதும் அவற்றில்தான் நிற்கிறது.

நூல்

கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக் நூல். விலை குறைவு, நிறங்கள் ஏராளம், எடை இல்லை, துவைத்தால் சாயம் போவது அரிது. குறை என்னவென்றால், நாளாக நாளாக மேலே சிறுசிறு உருண்டைகள் எழும். சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகும். பருத்தி நூல் இழுபடாது. கண்ணி ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும். உருவம் விறைப்பாக நிற்கும். ஆனால் விரலுக்கு வேலை அதிகம், கையும் வலிக்கும். பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்து மில்க் காட்டன் என்ற பெயரில் விற்கப்படும் நூல் இரண்டுக்கும் இடைப்பட்டது. பொம்மை வேலைக்கு இன்று பலர் நாடுவது இதைத்தான். வெல்வெட் நூல் தொடுவதற்கு இனிமை. ஆனால் அதில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். அதைப் பழகிய கைக்கு விட்டுவிடுவதே முறை.

பருமனில் டி.கே. எனப்படும் நடுத்தர நூல் இந்த அளவுக்குப் பொருந்தும். 50 கிராம் உருண்டை ஒன்று வாங்கினால் முழுப் பொம்மையும் முடிந்து மிச்சம் இருக்கும். நிறத்தில் இளம்பச்சை, சாம்பல், ஊதா எதுவும் ஆகலாம். கறுப்பும் கருநீலமும் மட்டும் முதல் பொம்மைக்கு வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் அவற்றின் கண்ணிகளை எண்ண முடியாது. எண்ண முடியாத நூலில் கற்க முடியாது.

ஊசியும் துணைக் கருவிகளும்

நூல் உருண்டையின் சீட்டில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் பொம்மைக்கு 3 மி.மீ. அல்லது 2.5 மி.மீ. ஊசியை எடுக்க வேண்டும். சீட்டில் உள்ள அளவு சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் உரியது. அவை நெகிழ்ந்து தொங்க வேண்டியவை. பொம்மையின் தோல் இறுகி நிற்க வேண்டும். தளர்ந்த பின்னலில் பஞ்சு அடைத்தால் கண்ணிகள் விரிந்து வெள்ளை வெளியே தெரியும். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் ஊசி உள்ளே நுழையாது, மணிக்கட்டு வலிக்கும். பின்னிய துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் தெரியலாம். அதற்கு மேல் தெரிந்தால் ஊசி அளவைக் குறைக்க வேண்டும்.

அலுமினிய ஊசி வழுக்கிக்கொண்டு ஓடும். மூங்கில் ஊசி நூலைச் சற்றுப் பிடிக்கும். வியர்க்கும் கைக்கு ரப்பர் கைப்பிடி வைத்த ஊசி உதவும். இவற்றோடு ஒரு ஸ்டிச் மார்க்கர், மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள உல்லன் தையல் ஊசி, குண்டூசிகள், கத்தரிக்கோல் இருந்தால் போதும். மார்க்கர் இல்லாவிட்டால் வேறு நிற நூல் துண்டு ஒன்றும் அந்த வேலையைச் செய்யும்.

அடிப்படைக் கண்ணி

இந்தப் பொம்மையின் தலையும் உடலும் கைகால்களும் சிங்கிள் குரோஷே என்ற ஒரே கண்ணியால் ஆனவை. ஊசியை முந்தைய சுற்றின் கண்ணியில் இரு இழைகளுக்கும் அடியில் நுழைத்து, நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மறுபடி நூலை மாட்டி இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு கண்ணி முடிந்தது. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதுதான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே. எழுதி வைத்த மாதிரி ஒன்றைப் பார்த்துப் பின்னத் தொடங்குமுன் அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் பொம்மை இருமடங்கு நீண்டுவிடும்.

முதல் இழுப்பில் நூலை ஊசிக்கு மேலாகச் சுற்றினால் கண்ணி வெளியில் 'வி' போலத் தெரியும். நூலை ஊசிக்குக் கீழாகப் பிடித்து இழுத்தால் பெருக்கல் குறி போலத் தெரியும். பின்னலும் இன்னும் இறுகும். எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரே பொம்மையில் இரண்டையும் கலந்தால் தலை ஒரு மாதிரியும் உடல் வேறு மாதிரியும் ஆகிவிடும்.

தொடக்கம் மேஜிக் ரிங். நூலை விரலில் வளையமாகச் சுற்றி, அந்த வளையத்துக்குள்ளேயே 6 கண்ணிகள் போட்டு, நூல்நுனியை இழுத்தால் நடு ஓட்டை முழுதாக மூடிக்கொள்ளும். இது கைவராதவர்கள் 2 சங்கிலி (நூலை மாட்டி ஊசியிலுள்ள வளையத்தின் வழியே இழுக்கும் கண்ணி) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் 6 கண்ணிகள் போடலாம். நடுவில் சிறு துளை மட்டும் மிஞ்சும். அடுத்து வரும் சுற்றுகளை ஒவ்வொன்றாக இணைத்து மூடுவதில்லை. ஒரு சுற்றின் கடைசிக் கண்ணிக்கு அடுத்து அதன் முதல் கண்ணியிலேயே பின்னல் தொடர்கிறது. பொம்மை முழுவதும் ஒரே சுருளாக ஏறுகிறது. இதனால் இணைப்புத் தழும்பு விழாது. ஆனால் சுற்று எங்கே தொடங்கியது என்பதும் தெரியாது. அதற்காகவே ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் மார்க்கர் மாட்டப்படுகிறது. அதைச் சோம்பலால் விட்டவர்கள் ஐந்தாம் சுற்றுக்குள் கணக்கைத் தொலைப்பார்கள்.

ஆறின் கணக்கு

அமிகுருமி மாதிரிகளில் 6, 12, 18, 24 என்று ஆறின் மடங்குகளே திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு 2π அலகு, அதாவது ஏறத்தாழ 6.28 அலகு கூடும். சிங்கிள் குரோஷே கண்ணி கிட்டத்தட்ட ஒரு சதுரம். அகலத்தைவிட உயரம் மயிரிழை குறைவு. எனவே ஒரு சுற்று ஏறும்போது ஒரு கண்ணி உயரம் ஆரம் கூடுகிறது. சுற்றளவில் ஆறு கண்ணி கூட்டினால் வட்டம் தட்டையாகப் படிகிறது. அமெரிக்க முறையின் டபுள் குரோஷே கண்ணி ஏறத்தாழ இருமடங்கு உயரம் என்பதால் அதில் தட்டையான வட்டத்துக்குச் சுற்றுக்கு 12 கண்ணிகள் கூட்டுகிறார்கள்.

ஆறுக்குக் குறைவாகக் கூட்டினால் பின்னல் கிண்ணமாகக் குவியும். மூன்று மட்டும் கூட்டினால் கூம்பாகும். எதுவும் கூட்டாமல் போனால் குழாயாக நிமிர்ந்து ஏறும். குறைத்தால் உள்நோக்கி மூடும். ஆறுக்கு மேல் மிகுதியாகக் கூட்டினால் இடம் போதாமல் ஓரம் அலையலையாகச் சுருளும். அந்த அலைச்சுருளைக் கணித வகுப்புக்குப் பயன்படுத்தியவர் லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டாய்னா டைமினா. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1997-இல், மிகைவளைவுத் தளத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி குரோஷேயில் பின்னினார். தாளில் நிலையாகச் செய்ய இயலாத வடிவம் நூலில் நின்றது. பொம்மை பின்னுபவரும் அறிந்தோ அறியாமலோ அதே கணிதத்தில்தான் வேலை செய்கிறார்: கூட்டல், நிறுத்தல், குறைத்தல் என்ற மூன்று செயல்களால் வளைவுகளை எழுப்புகிறார்.

தலை

தலை உச்சியில் தொடங்கித் தாடையில் முடிகிறது. முதல் சுற்றில் 6 கண்ணிகள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட 12. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் கூட்ட 18. இப்படியே நான்காம் சுற்றில் 24, ஐந்தில் 30, ஆறில் 36. இங்கே கூட்டல் நிற்கிறது. 7 முதல் 12 வரை ஆறு சுற்றுகள் மாறாமல் 36. உயர்ந்த நெற்றி இந்த ஆறு சுற்றுகளில் உருவாகிறது.

கூட்டல்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் வட்டமாக இராது. ஆறு மூலைகள் எழும். தலையுச்சியைத் தடவினால் அந்த முனைகள் விரலில் படும். இதைத் தவிர்க்க, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டல் தொடங்கும் இடத்தை நகர்த்த வேண்டும். நான்காம் சுற்றில் '2 கண்ணி, கூட்டல்' என்று ஆறு முறை பின்னுவதற்குப் பதிலாக, முதலில் 1 கண்ணியும் ஒரு கூட்டலும், பிறகு '2 கண்ணி, கூட்டல்' ஐந்து முறை, கடைசியில் 1 கண்ணி என்று பின்னினால் மொத்தம் அதே 24 வரும், மூலை மறையும். ஆறாம் சுற்றில் 2 கண்ணியும் ஒரு கூட்டலும், பிறகு '4 கண்ணி, கூட்டல்' ஐந்து முறை, கடைசியில் 2 கண்ணி.

ஏலியனின் தலை பந்து அல்ல. தாடை நோக்கி ஒடுங்க வேண்டும். பந்துக்கு வேகமாகக் குறைப்பார்கள். இதற்கு மெதுவாகக் குறைக்க வேண்டும். 13-ஆம் சுற்றில் '4 கண்ணி, குறைத்தல்' ஆறு முறை, 30. 14, 15 மாறாமல் 30. 16-ஆம் சுற்றில் 24. 17-இல் மாறாமல் 24. 18-இல் 18, 19-இல் 12. நடுவே விடப்பட்ட இந்த மாறாத மூன்று சுற்றுகள்தான் கன்னத்தை நீட்டித் தாடையைக் கூராக்குகின்றன. அவற்றை நீக்கினால் தலை உருண்டையாகிவிடும். இன்னும் இரண்டு சேர்த்தால் முகம் நீண்டு, கொஞ்சத் தோன்றும் களை போய்விடும்.

குறைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு கண்ணிகளை அப்படியே சேர்த்துப் பின்னினால் அந்த இடத்தில் புடைப்பும் அருகில் ஓட்டையும் விழும். அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன் இழைகளை மட்டும் ஊசியில் கோத்து, நூலை அவ்விரண்டின் வழியாகவும் இழுத்து, வழக்கம்போல் முடித்தால் குறைத்த தடமே தெரியாது. பொம்மை வேலையில் தேர்ந்த கையை அடையாளம் காட்டுவது இந்தக் குறைப்புதான்.

கழுத்தும் உடலும்

நூலை அறுக்காமல் தலையிலிருந்தே உடலுக்கு இறங்கலாம். தனியே பின்னித் தைத்த தலை குழந்தையின் இழுப்பில் ஒருநாள் பிரியும். ஒரே நூலில் வந்த தலை பிரியாது. 20-ஆம் சுற்று கழுத்து, மாறாமல் 12. 21-இல் ஒன்று விட்டு ஒன்றில் கூட்ட 18, 22-இல் மாறாமல் 18, 23-இல் 24, 24 முதல் 28 வரை ஐந்து சுற்றுகள் 24. பிறகு 29-இல் 18, 30-இல் 12, 31-இல் 6. மிஞ்சிய 6 கண்ணிகளின் முன் இழைகளில் நூல்நுனியை ஓட்டி இழுத்தால் அடி மூடும்.

இதுவரை மொத்தம் 738 கண்ணிகள். அவற்றில் 510 தலைக்கே போயின. தலை பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை. ஆனால் அவ்வளவு பெரிய தலையை 12 கண்ணிக் கழுத்து தாங்க வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்வதுதான் இந்தப் பொம்மையின் பொதுவான நோய். அதற்கு மருந்து பஞ்சில் இருக்கிறது.

பஞ்சு அடைத்தல்

தமிழ்நாட்டு வீடுகளில் தலையணைக்கு இலவம்பஞ்சு பழக்கமானது. பொம்மைக்கு அது ஆகாது. இழை மிக நுண்ணியது, கண்ணிகளின் வழியே கசியும். நாளடைவில் அமுங்கிக் கட்டிபிடிக்கும். கடையில் ரெக்ரான் பஞ்சு என்று கேட்டு வாங்கும் பாலியஸ்டர் இழையே ஏற்றது. அது எழும்பி நிற்கும், நீரை உறிஞ்சாது, துவைத்தபின் பழைய வடிவுக்குத் திரும்பும். வெட்டிய துணித்துண்டுகளை அடைத்தால் பொம்மை கனத்து, மேடுபள்ளமாகும்.

பஞ்சை உருட்டி அடைக்கக் கூடாது. விரலால் பிரித்து மேகம்போல் விரித்து, சிறிது சிறிதாக, முதலில் ஓரங்களிலும் கடைசியில் நடுவிலும் வைக்க வேண்டும். தலைக்கு 18-ஆம் சுற்றுக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். வாய் ஒடுங்கியபின் நெற்றிவரை பஞ்சைக் கொண்டுபோவது கடினம். கழுத்தில் மட்டும் மற்ற இடங்களைவிட இறுக்கமாக, தலையிலும் உடலிலும் ஒரு விரற்கடை நீளும்படி, ஒரே துண்டாகப் பஞ்சை முறுக்கி இறக்கினால் அது உள்ளே தண்டுபோல் நின்று தலையைத் தாங்கும். உடலில் விரலால் அழுத்தினால் உடனே மீண்டு வரும் அளவு போதும்.

கண்

பொம்மைக்குச் சேஃப்டி ஐஸ் என்று விற்கப்படும் கண்களின் பின்புறம் வரிவரியாகத் திருகுப்பள்ளம் கொண்ட காம்பு இருக்கும். காம்பை வெளியிலிருந்து செலுத்தி, உள்ளே வளையத்தை அழுத்திப் பூட்ட வேண்டும். பூட்டியபின் கழற்ற முடியாது. ஆகவே 15-ஆம் சுற்று முடிந்து கை இன்னும் உள்ளே போகும் நிலையில் கண்ணை வைக்க வேண்டும். 12 மி.மீ. கண்களை 12-ஆம் சுற்றுக்கும் 13-ஆம் சுற்றுக்கும் இடையே, நடுவில் 7 கண்ணிகள் விட்டு வைத்தால் நெற்றி உயர்ந்தும் கண் தாழ்ந்தும் அமையும். பூட்டுமுன் தலைக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்துத் தள்ளி நின்று பார்ப்பது கட்டாயம். ஒரு கண்ணி நகர்ந்தாலும் முகம் மாறும்: நெருங்கினால் கூர்ந்து பார்ப்பதுபோலும், விலகினால் வியந்து பார்ப்பதுபோலும் தோன்றும்.

சாய்ந்த பெரிய கருங்கண் வேண்டுமென்றால் கறுப்பு நூலில் 5 சங்கிலி போட்டு, அதன் இருபுறமும் சுற்றிப் பின்ன வேண்டும். நடுவில் உயரமான கண்ணியும் முனைகளில் தாழ்ந்த கண்ணியும் போட்டால் இலை வடிவம் கிடைக்கும். வெளிமுனை மேலேயும் உள்முனை கீழேயும் இருக்கும்படி சாய்த்துத் தைக்க வேண்டும். ஒரு சிறு வெள்ளைப் புள்ளியை இரு கண்களிலும் ஒரே பக்கம் தைத்தால் பார்வைக்கு உயிர் வரும். வாய்க்கு ஒரு குறுகிய கோடு போதும், இல்லாமலும் விடலாம்.

கை, கால், கொம்பு

கை: 6 கண்ணிகளில் தொடங்கி, அடுத்த சுற்றில் 9, அதற்கடுத்தது மாறாமல் 9, பிறகு குறைத்து 6, அதன்மேல் ஏழு சுற்றுகள் மாறாமல் 6. உள்ளங்கை உருண்டு, கை மெலிந்து நீளும். உள்ளங்கையில் மட்டும் சிறிது பஞ்சு. மற்றப்படி வெறுமையாக விட்டால்தான் கை தொங்கும். கால்: 6, 12, மாறாமல் 12, '2 கண்ணி, குறைத்தல்' மூன்று முறை பின்னி 9, பிறகு நான்கு சுற்றுகள் 9. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் சேர்ந்து 294 கண்ணிகள்.

கொம்புக்கு 8 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் 4 சிங்கிள் குரோஷே கண்ணிகளை ஒரே இடத்தில் போட்டால் நுனியில் குமிழ் எழும். மிஞ்சிய 6 சங்கிலிகளிலும் ஸ்லிப் ஸ்டிச் (உள்ளே நுழைத்து மாட்டிய நூலை ஊசியிலுள்ள வளையத்தின் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுப்பது) போட்டு இறங்கினால் காம்பு விறைப்பாக நிற்கும். கொம்பை நிமிர்த்தக் கம்பி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. குழந்தை கையில் போகும் பொம்மைக்கு அது கூடாது.

பொருத்துதல்

பின்னுவதைவிடப் பொருத்துவதற்கே பொறுமை அதிகம் வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் முடிக்கும்போது ஒரு சாண் நூல் மிச்சம் விட்டு அறுத்தால் அதுவே தையல் நூலாகும். முதலில் எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி நிறுத்தி, முன்னும் பின்னும் மேலுமாகப் பார்க்க வேண்டும். கைகள் 21-ஆம் சுற்றுக்கும் 22-ஆம் சுற்றுக்கும் இடையே, இரு பக்கமும் எதிரெதிராக. கால்களை 28-ஆம் சுற்றின் முன்பக்கம் வைத்தால் பொம்மை உட்காரும். அடியில் வைத்தால் தொங்கவிட ஏற்றதாகும். கொம்புகள் உச்சியிலிருந்து மூன்றாம், நான்காம் சுற்றுகளில்.

சிங்கிள் குரோஷே சுருள் நேராக ஏறாமல் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தே ஏறும். அதனால் தலையில் கண்ணுக்கு நேர்கீழே இருந்த கண்ணி, உடலுக்கு வரும்போது விலகியிருக்கும். கண்ணியை எண்ணிக் கையை வைத்தால் தவறும். முகத்தைப் பார்த்தே வைக்க வேண்டும். எண்ணிக்கை ஆளும் இந்த வேலையில் கண்ணை நம்ப வேண்டிய இடம் இது ஒன்று. தைத்து முடித்த நூல்களை உடலுக்குள் இரண்டு மூன்று திசைகளில் ஓட்டி, மறுபுறம் இழுத்துப் பிடித்து ஒட்ட அறுத்தால் நுனி உள்ளே மறைந்துவிடும்.

தவறுகளும் திருத்தமும்

சுற்றின் முடிவில் கண்ணி ஒன்று கூடியோ குறைந்தோ வந்தால், அடுத்த சுற்றில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒரு கண்ணியை அப்படிச் சரிக்கட்டினால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று ஆனால் உருவம் கோணும். பிரித்து மறுபடி பின்னுவதே நேர்வழி. குரோஷேயில் ஒரு கண்ணி முடிந்தபின் ஒரே ஒரு வளையம்தான் ஊசியில் நிற்கிறது. ஊசியை உருவி நூலை இழுத்தால் வேண்டிய இடம்வரை பிரியும், மற்றவை நழுவா.

வெளிப்புறத்தில் 'வி' அல்லது பெருக்கல் குறி வடிவங்களுக்குப் பதில் கிடைக்கோடுகள் தெரிந்தால் பொம்மை உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். ஐந்தாறு சுற்றுகளுக்குள் கவனித்தால் குல்லாவைப் போல் திருப்பிவிடலாம். கண்ணிகளுக்கிடையே பஞ்சு தெரிந்தால் ஊசி பெரிது. தலையுச்சி அலைபாய்ந்தால் கூட்டல் மிகை. கிண்ணம்போல் உடனே குவிந்தால் கூட்டல் விடுபட்டிருக்கிறது. உருவமே பிழையைச் சொல்லிவிடுகிறது; படிக்கப் பழகிக்கொண்டால் போதும்.

குழந்தைக்குக் கொடுக்குமுன்

சேஃப்டி ஐஸ் என்ற பெயரை நம்பி மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தக் கண் வைத்த பொம்மையைக் கொடுக்கக் கூடாது. பூட்டு கழலாது, ஆனால் கடித்து இழுக்கும்போது கண்ணிகள் விரிந்து, கண் பூட்டோடு வெளியே வந்து தொண்டையில் சிக்கலாம். அந்த வயதுக்குக் கண், வாய் எல்லாம் நூலால் தைத்ததாகவே இருக்க வேண்டும். மணி, பொத்தான், ஒட்டிய ஃபெல்ட் துண்டு எதுவும் வேண்டாம். ஒவ்வோர் இணைப்பையும் தைத்தபின் பலமாக இழுத்துப் பார்ப்பது பின்னியவரின் கடமை.

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. வீட்டில் பின்னி விற்பவர்கள் அந்தப் பதிவைச் செய்துகொள்வது நல்லது. விலக்கு இருந்தாலும் பாதுகாப்புப் பொறுப்பு குறைவதில்லை.

பராமரிப்பு

வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புக் கரைசல் விட்டு, பொம்மையை அமுக்கி அமுக்கி அலச வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் உள்ளே பஞ்சு திரண்டுவிடும். துண்டில் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காற்றுப்பட உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் மேல் உலர்ந்தாலும் நடுப்பஞ்சில் ஈரம் நிற்கும். பூஞ்சை வாடை அங்கிருந்துதான் வரும். பெட்டியில் வைக்கும்போது நாப்தலின் உருண்டை போடக் கூடாது. அது குழந்தைகளுக்கு நஞ்சு.

உழைப்பும் விலையும்

கொம்பும் கண்ணும் சேராமலே இந்தச் சிறு பொம்மையில் 1,032 கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கையால் போட்டது. நிட்டிங் துணியைப் பின்னித் தள்ளும் ஆலை இயந்திரங்கள் உண்டு. குரோஷே கண்ணியை விற்பனைச் சரக்காக உற்பத்தி செய்யும் இயந்திரம் வழக்கில் இல்லை. எந்த நாட்டுக் கடையில் எந்த விலைக்கு விற்கும் குரோஷே பொம்மையானாலும் அதன் பின்னால் ஒரு மனிதரின் கை இருக்கிறது. விலை மிகக் குறைவென்றால், அந்தக் கைக்குக் கிடைத்த கூலியும் குறைவென்றே பொருள்.

ஆந்திரத்தின் நரசாபுரம் வட்டாரத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் வழியே வேரூன்றிய குரோஷே லேஸ் தொழிலை ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆராய்ந்து, 1982-இல் நூலாக வெளியிட்டார். ஏற்றுமதிக்காக வீட்டில் நாள்முழுதும் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை; ஓய்வுநேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டார்கள்; அந்தப் பார்வையே கூலியைத் தாழ்த்தியது என்று அவர் காட்டினார். பொம்மை பின்னுபவர்களையும் அதே பார்வை துரத்துகிறது. 'சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே' என்று சொல்லி விலை குறைப்பவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பழகிய கைக்கு இந்தப் பொம்மை அரைநாள் வேலை. அதில் கணிசமான நேரம் பொருத்துவதற்கே போகும். நூல், பஞ்சு, கண் ஆகியவற்றின் செலவு விலையில் சிறு பங்குதான். சரியான விலை என்பது பொருட்செலவோடு, செலவான மணிநேரங்களுக்கு அந்த ஊரில் ஒரு தையற்காரர் கேட்கும் கூலியையாவது சேர்த்தது. நூலின் வகை, எந்த வயதுக்கு உகந்தது, எப்படித் துவைப்பது ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பொம்மையோடு கொடுத்துவிட்டால் பின்னியவரின் வேலை முடிகிறது.